சானடோரியம் காலியான பிறகு

சென்னைப் புறநகர் ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் விடுதியால் வந்த பெயர் அது. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. அதுவும் இடம் கிடைத்தவர்களுக்குத்தான். மற்றவர்கள் வீட்டு மூலையில் தனித் தட்டும் தனிப் பாயுமாக இருமிக்கொண்டு கிடந்தார்கள்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ்.ஸும் வந்தன. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. மருந்துகள் வந்த பிறகும் சானடோரியத்தின் செல்வாக்கு குறையவில்லை. மருந்தோடு ஓய்வும் ஊட்டமும் சேர்ந்தால்தான் நுரையீரல் ஆறும் என்று மருத்துவர்கள் உறுதியாக நம்பினார்கள். 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்போ, கிருமியைப் பரப்பும் நிலையில் நாட்டில் சுமார் 15 லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் படுக்கை போட எந்த அரசாலும் முடியாது. மருந்து மட்டும் கொடுத்து வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்ற கேள்வி அந்த இல்லாமையிலிருந்து எழுந்தது.

விடை தேட 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மறு பிரிவினர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு காலம் அதே ஐசோனியாசிட், அதே பி.ஏ.எஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடியிருப்பு, அரைவயிற்றுச் சாப்பாடு, முடிந்த அளவுக்கு வேலை. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் முடிவு வெளியானபோது, குணமானவர்களின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாவதற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். மருத்துவ ஆராய்ச்சி ஏழைகளின் வாழ்க்கையை மாற்றிய கதைகளைப் பட்டியலிடும் யாரும் சேத்துப்பட்டை விட்டுவிடுவதில்லை. ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் 1959-லேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு அந்த ஆராய்ச்சி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேஜைக்கு எப்படி வந்தது, வரும் வழியில் எதைத் தவறவிட்டது என்பதற்கு இன்னொரு அறுபது ஆண்டுக் கதை இருக்கிறது.

சேத்துப்பட்டு ஆய்வில் வீட்டில் இருந்த நோயாளிகள் அவர்கள் போக்கில் விடப்பட்டவர்கள் அல்ல. மையத்திலிருந்து ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவார். மீதமிருக்கும் மருந்தை எண்ணிப் பார்ப்பார். சிறுநீர் வாங்கிப் போய், அதில் மருந்தின் தடயம் தெரிகிறதா என்று சோதிப்பார்கள். பி.ஏ.எஸ். தினமும் பல கிராம் விழுங்க வேண்டிய, வயிற்றைக் குமட்டுகிற மருந்து. இருமல் நின்று உடம்பு தேறியதும் மனிதர்கள் அதை நைசாக நிறுத்திவிடுவார்கள் என்று ஃபாக்ஸ் கண்டார். நோயாளி தானாகவே மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி 1958-லேயே தனிக் கட்டுரை எழுதினார். மருத்துவப் பணியாளரின் கண்ணெதிரே வாரம் இரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் 1960-களில் அதே மையத்தில் நடந்ததற்கு இதுவே தூண்டுதல்.

ஆக, ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு முடிவுகள் வெளிவந்தன. வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பது ஒன்று. வீட்டில் இருப்பவர் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட யாராவது துணை நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. 1962-ல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியபோது முதலாவது முழுதாகச் சேர்ந்தது. இரண்டாவது காகிதத்தோடு நின்றது. வீடு வீடாகப் போக ஆராய்ச்சி மையத்துக்கு ஆள் இருந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இல்லை.

இன்னொரு ஆய்வு நோயாளியைத் தேடும் இடத்தையே மாற்றியது. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபார் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் காசநோய் கண்டவர்களிடம் பேசினார்கள். கிராமத்து மக்களுக்கு நோயைப் பற்றி விழிப்புணர்வு கிடையாது, எக்ஸ்ரே வண்டியைக் கொண்டுபோய்த்தான் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. 1963-ல் வெளியான அவர்கள் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. பெரும்பாலோர் தங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று உணர்ந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள். அங்கே கிடைத்ததெல்லாம் ஒரு பாட்டில் இருமல் மிக்சர். நோயாளி வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார், அவருடைய சளியை வாங்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்கத்தான் உள்ளே ஆளில்லை. ஆகவே மைக்ராஸ்கோப்பைச் சாதாரண சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோவதே சரியான வழி என்று முடிவானது. மாவட்டத் திட்டத்தின் அடித்தளமே அந்தக் கருத்துதான்.

கருத்து அருமையானது. நடந்தது வேறு. குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் ஊழியர்களின் நேரத்தை விழுங்கின. மருந்து அடிக்கடி தீர்ந்துபோனது. சளிப் பரிசோதனையை ஒதுக்கிவிட்டு எக்ஸ்ரேயையே நம்பினார்கள். 1992-ல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் ஸ்வீடன் உதவி நிறுவனமும் சேர்ந்து திட்டத்தை ஆராய்ந்தபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அதை முடித்திருந்தது தெரியவந்தது. மருந்து வந்து, ஆய்வுகள் வந்து, முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இடத்தில் தான்சானியாவிலிருந்து வந்த ஒரு பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக் நாட்டில் பிறந்த காரெல் ஸ்டைப்லோ 1970-களின் இறுதியில் அந்த நாட்டின் காசநோய்த் திட்டத்தைக் கட்டியெழுப்ப உதவினார். அவர் கொண்டுவந்த கணக்கு மிக எளிது. ஜனவரி முதல் மார்ச் வரை பதிவான நோயாளிகளை ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக் காலம் முடிந்ததும், அவர்களில் எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், எத்தனை பேர் ஊர் மாறினார்கள் என்று எழுத வேண்டும். பதிவான ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் விழுந்தே ஆக வேண்டும், யாரும் கணக்கிலிருந்து நழுவ முடியாது. அதுவரை பெரும்பாலான இடங்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினோம், எத்தனை மாத்திரை செலவானது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எதை எண்ணுகிறோமோ அதற்கேற்பத்தான் ஊழியரின் வேலை அமையும் என்பதை வங்கதேசத்தின் பிராக் அமைப்பு வேறொரு துறையில் காட்டியது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காக்கும் என்பது 1971-ல் போங்காவ் அகதி முகாமில் திலீப் மஹலானாபிஸ் செய்த வேலையால் ஊர்ஜிதமாகியிருந்தது. அதை வீட்டு அடுப்படிக்குக் கொண்டுபோக, 1980 முதல் 1990 வரை பிராக் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்று பார்த்து ஊழியருக்குக் கூலி கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், சில தாய்மார்களிடம் கேட்டுப் பார்ப்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருந்ததோ அதைப் பொறுத்துக் கூலி அமைந்தது.

இந்தியாவில் 1997-ல் திருத்தியமைக்கப்பட்ட காசநோய்த் திட்டம் அமலுக்கு வந்தது. ஸ்டைப்லோவின் மூன்று மாதக் கணக்கு அதில் இருந்தது. கூடவே ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. ஒரு நோயாளியின் முழுச் சிகிச்சைக்கும் வேண்டிய மொத்த மருந்தும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். புதிய நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி, மறுபடி சிகிச்சைக்கு வந்தவருக்கு நீலப் பெட்டி. சிகிச்சை தொடங்கும் நாளில் பெட்டியின் மேல் அவர் பெயரை எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு மாவட்டக் கிடங்கில் மருந்து தீர்ந்தாலும், லாரி வராவிட்டாலும், தொடங்கியவரின் சிகிச்சை நிற்காது. அவருடைய பெட்டியிலிருந்து இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கவும் ஊழியருக்குக் கை வராது. மருந்துத் தட்டுப்பாடு சிகிச்சையைக் கெடுக்கிறது என்று எத்தனையோ அறிக்கைகள் சொல்லிவந்தன. அந்தச் சொல்லை ஊழியரின் கைக்கு எட்டும் பொருளாக ஆக்கியது பெட்டி. திட்டம் 2006-ல் நாடு முழுவதையும் எட்டியது. சிகிச்சையை முடிப்பவர்களின் விகிதமும் பழைய திட்டத்தைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்தது.

ஆனால் இந்த முறை தவறவிட்டது வேறொன்றை. கண்ணெதிரே மருந்து விழுங்க வைக்கும் டாட்ஸ் முறையில் முதல் இரண்டு மாதமும் வாரம் மூன்று நாள் நோயாளி மையத்துக்கு வந்தாக வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு அது வாரத்தில் மூன்று முறை வேலைக்குத் தாமதமாகும் நாள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது ஊர் முழுக்கத் தெரிந்துபோகும் நாள். குடும்பத்தையும் பிழைப்பையும் விடாமல் குணமாகலாம் என்பதுதான் சேத்துப்பட்டு ஆய்வு ஏழைக்குக் கொடுத்த பெரிய சலுகை. அதே மையத்தின் இரண்டாவது முடிவைச் செயல்படுத்தப் போய், முதல் முடிவு தந்த சலுகையில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பக்கத்திலிருந்து பார்ப்பதால் மட்டும் குணமடைபவர்கள் கூடிவிடுவதில்லை என்று 1998-ல் தென்னாப்பிரிக்காவிலும் 2001-ல் பாகிஸ்தானிலும் நடந்த ஆய்வுகள் சொல்லின. துணை நிற்பது வேறு, காவல் நிற்பது வேறு என்று அந்த முடிவுகளைப் படிக்கலாம்.

வேரூன்றிய நடைமுறைக்கு இன்னொரு முகமும் உண்டு. வாரம் மூன்று நாள் மருந்தைவிட தினசரி மருந்தே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் பரிந்துரைத்தது. இந்தியா முழுவதும் தினசரி முறைக்கு மாறும் வேலை 2017-ல்தான் நடந்தது, அதுவும் ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு. மருந்துக் கொள்முதல், பயிற்சி, அட்டை, பதிவேடு எல்லாமே வாரம் மூன்று நாள் என்ற கணக்கில் அமைந்திருந்தன. ஒரு முறையைக் கடைக்கோடி வரை நிலைக்கச் செய்த அதே பெட்டி, அதை மாற்ற வேண்டிய நேரத்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஆராய்ச்சியை நிலையான நடைமுறையாக மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், நிலைத்தது தவறாகிப்போனால் அதைக் கழற்றுவது எப்படி என்று அதிகம் பேசுவதில்லை.

மூன்றாவதாகத் தவறிப்போனது சாப்பாடு. நல்ல உணவு இல்லாமலேயே வீட்டு நோயாளிகள் குணமானார்கள் என்பது 1959-ன் முடிவுகளில் ஒன்று. மருந்து கிருமியைக் கொல்லும், அதற்கு முட்டையும் பாலும் கட்டாயமில்லை என்பதே அதன் பொருள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் கூடியது என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருந்தது. ஆனால் திட்டம் வகுத்தவர்களின் மேஜைக்கு அது வந்து சேர்ந்தபோது, காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் பெரிய சம்பந்தமில்லை என்பதாகச் சுருங்கிவிட்டது. சுருக்கம் வசதியானது, மாத்திரை வாங்கும் துறை அரிசி வாங்க வேண்டியதில்லை.

அந்தச் சுருக்கத்தைக் கேள்விக்குட்படுத்தும் ஆய்வு ஜார்க்கண்டில் 2019-ல் தொடங்கியது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது. சேத்துப்பட்டின் அதே பழைய மையம்தான் இன்று அந்த நிறுவனம். 2,800 நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் தரப்பட்டது. குலுக்கலில் தேர்வான வீடுகளில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கிடைத்தன. 2023-ல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்துக்குள் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பின் அபாயம் 61 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது.

இந்த முடிவு சுகாதார நிலையத்துக்கு எந்த உருவில் வந்து சேரும் என்பதுதான் அடுத்த கேள்வி. 2018 முதல் நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போடப்பட்டுவந்தது, 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது. பணம் அனுப்புவது அரசுக்கு எளிது. ஆனால் ஆய்வில் கொடுக்கப்பட்டது பணமல்ல, அரிசியும் பருப்பும். பலன் கண்டதும் நோயாளியிடம் மட்டுமல்ல, ஒரே பானையில் சாப்பிடும் குடும்பத்தாரிடமும். அந்த இரண்டு வேறுபாடுகளையும் விட்டுவிட்டு, ஆய்வு அமலாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

எடையைத் திரும்பவும் கணக்கில் எடுத்துக்கொண்ட இன்னொரு முயற்சி தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கியது, காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோய் கண்டறிந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். மூன்று மாதப் பதிவேட்டில் இறந்தவர்களுக்கு ஒரு கட்டம் உண்டு என்றாலும், சிகிச்சை முடியும் காலத்தில் நிரப்பப்படும் அந்தக் கட்டம் அவர்களுக்கு உதவாது. மாத்திரை வாங்க வந்த முதல் நாளிலேயே, இவர் தாங்குவாரா மாட்டாரா என்று யாராவது பார்த்தாக வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கான வழிகாட்டுதல் தேசிய அளவில் முன்பே இருந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனை உட்படப் பலவற்றையும் மருத்துவரே செய்ய வேண்டிய நீண்ட பட்டியலாக இருந்தது. தமிழ்நாட்டில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து அந்தப் பட்டியலை ஒரு தாளுக்குள் சுருக்கினார்கள். செவிலியரோ காசநோய்ப் பணியாளரோ செய்யக்கூடியவை மட்டும் மிஞ்சின. உயரமும் எடையும் பார்க்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். விரலில் ஆக்சிமீட்டரை மாட்ட வேண்டும். எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ் என்றால், வேறெதுவும் பார்க்காமலே ஆள் ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது சுமார் 36 கிலோ. 16 வரை இருந்து காலில் வீக்கமும் இருந்தால், மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால், ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினால், தானாக எழுந்து நிற்க முடியாவிட்டால், அப்போதும் அப்படித்தான். இவற்றில் ஒன்று போதும், அவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்.

இந்தத் தாளில் புதிய அறிவியல் எதுவும் இல்லை. எடை குறைந்தவர் இறக்கக்கூடும் என்று எந்தக் காசநோய்ப் பணியாளருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது அன்றைய வேலையாக மாறியிருக்கவில்லை. இதைச் செய்ய மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், கணினியும் வேண்டாம். தாள் நிரப்பப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர், ஆபத்து என்று தெரிந்தவர்களில் படுக்கை கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று மாவட்டவாரியாக மேலிருந்து தொடர்ந்து கேட்டார்கள். அதற்கென்று ஒரு செயலியும் வந்தது. ஐந்து அளவுகளைக் கொண்டு இறப்பின் சாத்தியத்தைச் சதவீதமாகக் காட்டும் கணக்கு அதில் 2025-ல் சேர்ந்தது. வேலையின் அடிப்படை தாள்தான், செயலி அதற்குத் துணை என்பதைக் கவனிக்க வேண்டும். இதே வரிசையைத் தலைகீழாகச் செய்து, செயலியில் தொடங்கி பாஸ்வேர்டு மறந்ததோடு முடிந்த திட்டங்கள் சுகாதாரத் துறைக்குப் புதிதல்ல.

வீட்டிலேயே போதும் என்று சொன்ன நகரத்திலிருந்து, சிலரை வீட்டில் விடாதே என்று சொல்லும் திட்டம் வந்திருப்பது முரண்போலத் தோன்றலாம். எங்கே வைத்துக் குணப்படுத்தலாம் என்பது 1956-ன் கேள்வி. குணமாகும் வரை யாரால் தாங்க முடியாது என்பது இந்தத் தாளின் கேள்வி. முந்தைய விடை சரியாக இருந்ததால்தான் பிந்தைய கேள்வியைக் கேட்கும் அளவுக்குப் படுக்கைகள் மிச்சமாயின.

தொடங்கிய கட்டத்தில் இந்தத் திட்டத்தின் வட்டத்துக்குள் வந்தவர்கள் அரசு மருத்துவ நிலையங்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள். தனியார் டாக்டரிடம் போகும் நோயாளிகளின் தொகையும் சிறியதல்ல. எடை பார்க்கும் எந்திரமும் ஆக்சிமீட்டரும் எந்தத் தெருமுனை கிளினிக்கிலும் உண்டு. அங்கே இல்லாதவை மாதாந்திரக் கூட்டமும், தாளை நிரப்பினாயா என்று கேட்கும் மேலதிகாரியும்தான். காசநோயாளி யார் வந்தாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012-ல் விதி வந்தபோதும் தனியார் மருத்துவர்கள் உடனே தெரிவிக்கத் தொடங்கிவிடவில்லை. தெரிவிப்பதற்குச் சன்மானம், தேடி வந்து விவரம் வாங்கிச் செல்ல ஆள், இலவச மருந்து என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகே எண்ணிக்கை ஏறியது. ஐந்து அளவுகளையும் அந்த விவரத்தோடு சேர்த்து வாங்க வேண்டுமானால், விவரம் வாங்க வருகிற அதே ஆளிடம்தான் தொடங்க வேண்டியிருக்கும். அவருடைய கையில் ஏற்கெனவே எத்தனை தாள்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இதைக் கொடுக்க முடியும்.